நீல இழை வேட்டி

மேடையில் ஏறியதும் நிவேதனா முதல் வேலையாகச் சேலையின் கீழ்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி மடித்துக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. விளிம்பில் ஓடிய இழை நன்றாகப் பழுத்துச் செம்பு நிறத்தில் மின்னியது. முன்பெல்லாம் ஜனங்கள் கழுத்துச் சங்கிலியைக் காட்டினார்கள், அப்புறம் காரைக் காட்டினார்கள், இப்போது விளிம்பைக் காட்டுகிறார்கள் என்று பின்வரிசையில் நின்ற பூபதி நினைத்துக்கொண்டார். பொருள்தான் மாறிக்கொண்டே வந்ததே தவிர காட்டுவது நின்றபாடில்லை.

"பதினொரு வருஷமா என் உடம்புல ஒரு புதுத்துணி பட்டதில்ல" என்றாள் நிவேதனா. "புதுத்துணிங்கறது ஒரு திமிர். பூமிகிட்ட நாம காட்டற திமிர். அடுத்தவங்க வாழ்ந்த துணிய எடுத்து உடுத்தும்போது அவங்க வாழ்க்கையையே நாம மரியாதை பண்றோம். என் கண்ணைக் கட்டிட்டுக் கையில ஒரு துணியக் குடுங்க. யாராவது உடுத்தினதா, புதுசான்னு தொட்டே சொல்லிடுவேன். என்னோட துணிய ஆயிரம் துணிக்கு நடுவுலயும் கண்டுபிடிச்சிடுவேன்."

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்த முந்தானையின் இழையும் செம்புதான்.

பூபதிக்குக் கொட்டாவி வந்தது. கூட்டத்தை நடத்திய 'முதிரகம்' என்ற திருப்பூர் நிறுவனத்தின் சான்றாளர் அவர். வெளியே போகும் ஒவ்வொரு துணியின் விளிம்பையும் வெளிச்சத்தில் பார்த்து, 'உண்மையாக உடுத்தப்பட்டது' என்று முத்திரை குத்துவது அவர் வேலை. சட்டம் வருவதற்கு முன்னால் இதே கட்டடம் பனியன் கம்பெனியாக இருந்தது. அப்போது இங்கே தையல் பிரிவில் இருந்தார். பிழைப்பு மாறியது, நாற்காலி மாறவில்லை.

சட்டம் வந்தது என்னவோ நல்ல எண்ணத்தில்தான். கிணற்றில் வாளி விட்டால் சாயம் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் ஏறிய காலம் அது. மலை மலையாகத் துணி குப்பையில் கிடந்தது. ஆகவே இனி யாரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு தெருவுக்கு வரக்கூடாது என்றார்கள். யார் உடுத்தியது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் சாட்சி இழை. தறியில் நெய்யும்போதே விளிம்பில் அதையும் சேர்த்து ஓட்டிவிட வேண்டும். வரும்போது வெள்ளையாக இருக்கும். உயிருள்ள உடம்பில் கிடந்து, அதன் சூடும் வியர்வை உப்பும் நாடித்துடிப்பும் படப்பட மஞ்சளாகி, மாதக்கணக்கில் கிடந்தால் செம்பாகப் பழுக்கும். அடுப்புச் சூட்டில் வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஒருவன் எருமைக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பிடிபட்டான். மனித உடம்பைத் தவிர வேறெதற்கும் அந்த இழை மசியவில்லை.

வெள்ளை இழையோடு வெளியே வந்தால் அபராதம். அபராதத்தைவிடப் பெரிய தண்டனை, பார்க்கிறவர்களின் முகச்சுளிப்பு. நாலைந்து வருடம் எல்லோரும் பீரோவைத் துழாவிப் பழசை உடுத்தினார்கள். பீரோ காலியானதும்தான் ஒரு சின்ன விஷயம் புலப்பட்டது. பழைய துணி என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால், அது புதுசாக இருந்தபோது எவனாவது உடுத்தித்தானே ஆக வேண்டும்? அந்த எவனாவதைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் முதிரகம் என்று பெயர்.

கூட்டம் முடிந்து மாலை போட்டுக்கொண்ட நிவேதனாவை முதலாளி கோகுலகிருஷ்ணன் கடைக்குள் அழைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி அலமாரிகளில் பழுத்த துணிகள் கோயில் நகை மாதிரி அடுக்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பின்னாடி என்ன சார் இருக்கு? ஏதோ சத்தம் கேட்குதே" என்றாள்.

"மெஷின் ரூமுங்க மேடம். ஒரே தூசி. உங்களுக்கு ஒத்துக்காது" என்றார் கோகுலகிருஷ்ணன்.

அவர் சொன்னதில் பொய் அதிகமில்லை. பின்னாலிருந்த நீளமான கூடத்தில் வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் நிறுத்தியிருந்தார்கள். எதற்கும் சக்கரம் கிடையாது. அவற்றின் மேல் ஆண்களும் பெண்களும் வெள்ளை இழை ஓடிய புதுத்துணியை உடுத்திக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாடி வேகமாகத் துடித்தால் இழை சீக்கிரம் பழுக்கும், உடம்பு வியர்த்தால் இன்னும் சீக்கிரம் பழுக்கும். அதனால் மின்விசிறி கிடையாது. எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் துணி மேலே படக்கூடாது. துணி செம்பானதும் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வெள்ளையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். காலம் முழுக்கப் புதுத்துணி உடுத்துகிறவர்கள் அந்த ஊரில் இவர்கள் மட்டும்தான். வீட்டுக்குப் போகும்போது மட்டும் யாரும் சீண்டாத கந்தலைச் சுற்றிக்கொண்டு மூடிய வண்டியில் போவார்கள்.

நிவேதனாவின் கை ஒரு மூலையில் போய் நின்றது. அது பூபதி கழித்துப்போட்ட துணிகளின் அலமாரி. இழை சரியாகப் பழுக்காதவை, கிழிந்தவை எல்லாம் அங்கே கிடக்கும். அதிலிருந்து அவள் ஒரு எட்டு முழ வேட்டியை உருவினாள்.

அதன் விளிம்பில் இழை நீலமாக இருந்தது. சாயம் போட்ட நீலம் இல்லை. மழைக்கு முன்னால் மேகத்தில் வருமே, அப்படி ஒரு நீலம்.

"இது என்ன?"

"கழிசல்ங்க மேடம்" என்றார் பூபதி. "யார் உடுத்தியும் பழுக்கல. அப்படியே நின்னுபோச்சு."

அவள் வேட்டியை இரண்டு கையாலும் முகத்தில் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு ரொம்ப நேரம் நின்றாள்.

"சார், இதை உடுத்தினவர் சாதாரண ஆள் இல்ல" என்றாள் கடைசியில். "ஒரு துளி படபடப்புக் கிடையாது. பூரணமான அமைதி. தியானத்துல உக்காந்த ஒருத்தரோட துணி இது."

கோகுலகிருஷ்ணன் அதை அப்போதே மடித்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். கழிசலைக் கொடுத்துப் பேர் வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிவேதனா அந்த வேட்டியை இடுப்பில் பாவாடை மாதிரிச் சுற்றிக்கொண்டு நின்ற படங்கள் ஊரெல்லாம் பரவின. செம்பு அலுத்துப்போனவர்களுக்கு நீலம் கிடைத்தது. நீல இழை இருக்கிறதா, நீல இழை எப்போது வரும் என்று கேட்டு முதிரகத்துக்கு ஓயாமல் ஆள் வந்தது.

"பூபதி, அது எப்படி நீலமாச்சுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்" என்றார் கோகுலகிருஷ்ணன். "ஒண்ணு வந்தா நூறு வரும். எவன் உடம்புல வந்துதுன்னு பாரு. அவனை மட்டும் தனியா உக்கார வெச்சு எல்லாத்தையும் அவனுக்கே சுத்திவிட்டறலாம்."

பூபதிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். தறியிலிருந்து வரும் புதுத்துணிப் பொதியைப் பிரித்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பவள் சௌந்தர்யா. காலையில் கொடுத்துவிட்டு அவளும் ஒரு சைக்கிளில் ஏறிக்கொள்வாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, அந்த நீல வேட்டி ஆரு உடம்புல கெடந்துது?"

அவள் கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"வேலைக்குச் சங்கடம் வருங்களாண்ணா?"

"உண்மையச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எங்கப்பன் மேல கெடந்துதுங்க" என்றாள் அவள். "போன ஐப்பசில எங்கப்பன் தவறிட்டாரில்லீங்க? எங்க தாய்மாமன் கோடித்துணி போட வந்தாரு. வெறுங்கையோட வந்தாரு. எங்கீங்க போயி வாங்குவாரு, எந்தக் கடையில புதுசு விக்கறாங்க? வாசல்ல நின்னு, மச்சானுக்கு ஒரு கோடி போடக்கூட வக்கத்துப் போயிட்டனேன்னு மாருல அடிச்சுட்டு அழுதாரு. ஊட்டுல இருக்கறது பூராக் கந்தல். செத்தவருக்கு ஊரான் உடுத்துனதப் போடறதுங்களா?"

"அதுக்கு?"

"நான் இங்க வந்து பொதியில இருந்து ஒண்ணை எடுத்து இடுப்புல சுத்தி, மேல கந்தலைக் கட்டிட்டுப் போயிட்டனுங்க. மாமன் அதைப் போட்டாரு. சாயங்காலம் எடுக்கற வரைக்கும் எங்கப்பன் மேல கெடந்துது. சுடுகாட்டுல வெச்சு எடுத்துட்டு வந்து அலசி, காலைல கொண்டாந்து பொதியிலயே வெச்சுட்டனுங்க. திருடலீங்கண்ணா. இரவல்தான் வாங்குனேன்."

பூபதி தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உயிருள்ள உடம்பில் மஞ்சளுக்கும் செம்புக்கும் போகிற இழை, குளிர்ந்துபோன உடம்பில் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. இழையைக் கண்டுபிடித்த மேதைகள் அடுப்பு, எருமை எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். பிணத்துக்கு மாமன் போடும் கோடியை யோசிக்கவில்லை. பூரணமான அமைதி என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சௌந்தர்யாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

"இதை வேற ஆருகிட்டயும் சொல்லாத" என்றார். "மொதலாளிக்குத் தெரிஞ்சா உன்னை வேலைய உட்டுத் தொரத்துவாருன்னு நெனைக்காத. தொரத்த மாட்டாரு. ஆசுபத்திரி ஆசுபத்திரியா ஆள் போட்டு, சாகப்போறவங்க மேல வேட்டி சுத்திவிட்டுக் காத்துட்டு உக்காந்திருப்பாரு."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் அங்கிருந்து போகவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? என்ற ஊட்டுக்காரருக்கு முடியலீங்க. இதே கூடத்துல எட்டு வருசம் மிதிச்சவரு. நெஞ்சு வீங்கிப்போச்சுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாங்க. எங்கண்ணன்தான் கோடி போடணும். எங்கப்பனுக்குப் போட்டதைச் சுடுகாட்டுல வெச்சு உருவி எடுத்தேன் பாருங்க, அந்தக் கை இன்னும் கூசுதுங்க. இவருக்குப் போட்டா திருப்பி எடுக்கக்கூடாது. அவரோடயே போயிறணும். ஒரே ஒரு வேட்டி. நீங்க மனசு வெச்சா ஆகும்."

பொதியில் வந்த வேட்டி ஒன்று கணக்கில் குறைந்தால் முதலில் விலங்கு மாட்டுவது சான்றாளருக்குத்தான். பூபதி இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு இழையைக்கூட மாற்றியவர் இல்லை. அதற்கு நேர்மை காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார். பயம்தான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.

"பாக்கலாம் அம்மிணி" என்றார்.

முதலாளியிடம் போய், அது தண்ணீரில் இருந்த உப்பின் கோளாறு, இனிமேல் வராது என்று சொல்லிவிட்டார். கோகுலகிருஷ்ணன் அந்த உப்பைத் தேடி மூன்று ஊர்த் தண்ணீரை வரவழைத்துத் துவைத்துப் பார்த்தார். அடுத்த பொதி வந்தபோது பூபதி ஒரு வேட்டியை எடுத்துத் தன் மேசையின் அடி அறையில் தள்ளி வைத்தார்.

தை பிறந்த ஒரு காலையில் முதிரகத்தின் பின்கதவில் சௌந்தர்யா வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"விடியால போயிட்டாருங்க" என்றாள். "எங்கண்ணன் வந்து உக்காந்திருக்குது."

"இங்கயே இரு. கொண்டாறேன்" என்று பூபதி உள்ளே திரும்பினார். மேசையை எட்டுவதற்குள் முன்வாசலில் கார் சத்தம் கேட்டது.

வந்தது நிவேதனா. கூடவே அவளுடைய தாய்மாமன் ராஜ்மோகன், கோயம்புத்தூரில் பெரிய புள்ளி. பின்னாலேயே கோகுலகிருஷ்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"அப்பா நைட் தவறிட்டார்" என்றாள் நிவேதனா. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அதில் நடிப்பு இல்லை என்று பூபதிக்கே தெரிந்தது. "என் வார்ட்ரோப்புல இருக்கறதுலயே பெஸ்டா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். மாமா ஒத்துக்க மாட்டேங்கறார்."

"எப்படிம்மா ஒத்துக்குவேன்?" என்றார் ராஜ்மோகன். "எங்க மச்சானுக்கு நான் போடற கோடி. எவனோ வேர்த்து ஊத்தி உடுத்துனதையா கொண்டுபோயிப் போடறது? நாலு சனம் என்ன பேசும்? நீ ஊருக்கு ஆயிரம் சொல்லு. செத்தவனுக்குப் புதுசுதான். ஏனுங்க, இங்கதான் புதுசு வரும்னாங்க. ஒரு வேட்டி வேணும்."

பதினொரு வருடமாகப் புதுத்துணியைத் திமிர் என்றவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூன்று அறை நிறைய இருந்த துணியில் ஒரு செத்த மனிதனுக்குப் போடத் தகுதியானது ஒன்றுகூட இல்லை.

"சட்டப்படி வெளியே குடுக்கக்கூடாதுங்க" என்று கோகுலகிருஷ்ணன் ஒரு பேச்சுக்குச் சொன்னார். "உங்களுக்கு இல்லாததா? பூபதி, பொதியில பாரு."

"எல்லாம் உடம்புல ஏத்தியாச்சுங்க. அடுத்த பொதி வெள்ளிக்கெழமைதான்."

"உன் மேசைக்கு அடியில ஒண்ணு இருக்குதே" என்றார் கோகுலகிருஷ்ணன், குரலை உயர்த்தாமல். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அது எதுக்குன்னு பொறவு பேசிக்கலாம். இப்ப அதைக் கொண்டா."

நிவேதனா தன் பையைத் திறந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். நீல இழை.

"சும்மா குடுக்க வேண்டாம் சார். இதை வெச்சுக்கங்க. எனக்கு இதைவிடப் பெருசா எதுவும் இல்ல. அப்பாவுக்காகக் குடுக்கறேன்."

"அய்யோ, எதுக்குங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே கோகுலகிருஷ்ணன் வாங்கிப் பூபதியின் கையில் திணித்தார். "இதை உள்ள வெச்சுட்டு, அதை நல்லா இஸ்திரி போட்டுக் கொண்டா. மேடம் டீ சாப்பிடட்டும்."

பூபதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மேசைமேல் இரண்டு வேட்டிகள். ஒன்று யார் மேலும் படாதது. இன்னொன்று ஒரு பிணத்தின் மேல் ஒரு பகலும், ஒரு சீமாட்டியின் இடுப்பில் சில மாதமும் கிடந்தது. வெளியே, பின்கதவில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடு கூடவே ஒரு அருவருப்பும் எழுந்தது. முதலாளி மேல், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேல், இத்தனை நாள் முத்திரை குத்திய தன் கை மேல். அந்த அருவருப்புதான் ஜெயித்தது. பின்கதவைத் திறந்தார்.

"அம்மிணி, சீக்கிரம் சொல்லு. உங்கப்பன் வேட்டி என்ற கையில இருக்குது. அதை வாங்கிட்டுப் போன அம்மாவோட அப்பனும் தவறிட்டாரு, அவருக்கே அதைக் கோடியாக் குடுத்து அனுப்பப்போறேன். புதுசு உனக்கு. உங்கப்பன் மேல கெடந்தது, அதனால கேக்கறேன். சம்மதமா?"

சௌந்தர்யா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அவிங்க திருப்பி எடுக்க மாட்டாங்களே?"

"பணக்காரங்க. எரிச்சிருவாங்க."

"அப்ப குடுங்கண்ணா" என்றாள். "எங்கப்பன் வெறும் மேலோட போனாரு. அந்த வேட்டி அன்னிக்கே அவரோட போயிருக்க வேண்டியது. இன்னிக்காவது போய்ச் சேரட்டும்."

பழைய தையல்காரனின் விரல் எதையும் மறக்கவில்லை. புது வேட்டியின் விளிம்பைப் பிரித்து வெள்ளை இழையை உருவினார். பிறகு நீலத்தை உருவினார். வெள்ளையை ஊசியில் கோத்து நீலம் இருந்த தடத்திலேயே ஓட்டினார். சாட்சி இழையில் கை வைத்தால் ஜெயில் என்று அவரே மாட்டிய அறிவிப்பு எதிர்ச்சுவரில் தொங்கியது. கஞ்சியில் முக்கி, நீராவி இஸ்திரிக்கு அடியில் விட்டதும் நிவேதனாவின் அமைதி, அப்பழுக்கில்லாத கோடி வேட்டியாக வெளியே வந்தது.

இழை இல்லாத புது வேட்டியைச் சௌந்தர்யா மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். தீயில் போகப்போகிற துணிக்குச் சாட்சி தேவையில்லை.

முன்னால் ராஜ்மோகன் வேட்டியை வாங்கி ஓரம் ஓரமாகப் பிரித்துப் பார்த்தார். பெரிய மனிதர், கோடியில் மஞ்சள் படக்கூடாது என்ற முறை தெரிந்தவர்.

"மூலையில மஞ்சக்கிஞ்ச வெச்சிருக்கலையே?"

"ஒருக்காலும் வெச்சதில்லீங்க" என்றார் பூபதி. அதுவாவது சத்தியம்.

நிவேதனா கையை நீட்டி அதைத் தொட்டாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, இதுல யாருமே இல்ல" என்றாள் மெதுவாக. "யாரோட வாசனையும் இல்ல. இவ்வளவு சுத்தமா ஒண்ணை நான் தொட்டே பதினொரு வருஷமாச்சு."

அவள் அழுதாள். ஆயிரம் துணியில் தன் துணியைக் கண்டுபிடிப்பவள், நேற்றுவரை இடுப்பில் சுற்றியிருந்த துணியில் முகம் புதைத்து அழுதாள். பூபதிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

கார் போனதும் கோகுலகிருஷ்ணன் உள்ளே வந்தார். "நீலத்தை எங்க? கண்ணாடி அலமாரியில வை."

"அலசிப் போட்டிருக்குதுங்க. நாளைக்கு வெக்கறேன்."

அன்று மாலை பூபதி வீட்டுக்குப் போய்த் தன் வேட்டிகளில் ஒன்றை எடுத்தார். சட்டத்துக்கு முந்தியது. ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு படுத்துத் தூங்குவதற்கென்று வைத்திருந்தது. ஒரு மூலையில் சாம்பார்க் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. அதன் விளிம்பில் நீல இழையை ஓட்டி, கஞ்சி போட்டு, மறுநாள் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைத்து முத்திரையும் குத்தினார். மேசையடி வேட்டியை எதற்கு ஒளித்தாய் என்று முதலாளி கேட்டதற்கு, இப்படி அவசரத்துக்கு யாராவது பெரியவங்க வருவாங்கன்னுதான் என்றார். முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. இனிமேல் மாதம் ஒன்று ஒதுக்கி வை என்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நிவேதனா வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், அன்னிக்கு ஒரு வேகத்துல குடுத்துட்டேன். அது இல்லாம இருக்க முடியல. திரும்ப வாங்கிக்கலாமா?"

கோகுலகிருஷ்ணன் தயங்குவது போல் தயங்கி, பிறகு சரி என்றார். பூபதி எடுத்துக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் முகத்தில் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இதேதான்" என்றாள். "இந்த அமைதி வேற எதுலயும் வராது. இதோ இந்தக் கறைகூட. எத்தனை நாள் இதைத் தடவிப் பார்த்திருக்கேன் தெரியுமா?" அவள் சாம்பார்க் கறையைக் கட்டைவிரலால் வருடினாள். "இவர் யாருன்னு எப்பவாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க சார். காலைத் தொட்டு நன்றி சொல்லணும்."

"கண்டிப்பாச் சொல்றனுங்க மேடம்" என்றார் பூபதி.

அவர் பின்கூடத்துக்கு வந்தார். சௌந்தர்யா வேலைக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளை இழை ஓடிய புதுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, புருஷன் மிதித்த அதே சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் என்பதால் கால் நின்றிருந்தது.

"அந்தம்மா வந்துட்டுப் போனாங்களாட்டிருக்குது. என்னங்கண்ணா சொன்னாங்க?"

"என்ற வேட்டி ரொம்ப அமைதியா இருக்குதாமா அம்மிணி. கறையக்கூட ஞாபகம் இருக்குதாமா."

"எந்தக் கறைங்க?"

"சாம்பாரு."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. புருஷன் போன பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தபோது, அதைச் சேலையில் துடைக்கப் போனவள் துணியில் எதுவும் படக்கூடாது என்பது நினைவு வந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மணி அடித்தது. எல்லோரும் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்கள்.